மூன்று கம்பெனிக்கும் ஒரே லெட்ஜர் பட்டியல்: பல வருட அனுபவம்

"எல்லாக் கம்பெனிக்கும் ஒரே லெட்ஜர் லிஸ்ட் போட்டா பிரயோஜனம் இருக்குங்களா?" என்று கோவை நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். லெட்ஜர் என்றால் ஒவ்வொரு வகை வரவு செலவுக்கும் தனியாக எழுதும் கணக்கு; அந்தக் கணக்குகளின் பெயர்ப் பட்டியலைத்தான் கேட்கிறார். எங்கள் குழுமத்தில் நூற்பாலைதான் தாய் நிறுவனம்; சாயப்பட்டறையும் பனியன் ஏற்றுமதியும் துணை நிறுவனங்கள். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 129(3) கேட்கும் தொகுப்பு நிதிநிலை அறிக்கையை, அதாவது மூன்று கம்பெனியின் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்த அறிக்கையைப் பல வருடமாக ஒரே பட்டியலை வைத்துத்தான் தயாரிக்கிறோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிதிநிலை அறிக்கையின் வடிவத்தைச் சொல்லும், அதே சட்டத்தின் அட்டவணை 3-இன் தலைப்புகளையே மேல்மட்டக் குரூப்பாக வைத்து, அதன் கீழ்தான் லெட்ஜர் திறக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தினோம். பட்டறையின் பாய்லர் விறகும் மில்லின் கரண்ட் பில்லும் இப்போது ஒரே குரூப்பில் விழுகின்றன. முன்பு வருடக் கடைசியில் மூன்று டிரயல் பேலன்ஸையும் (எல்லா லெட்ஜரின் இருப்பையும் காட்டும் பட்டியல்) எக்செல்லில் போட்டு, வரிவரியாக எது எதோடு சேரும் என்று பார்ப்போம். அந்த வேலை ஒழிந்தது. 'இதர செலவுகள்' லெட்ஜருக்கும் தடை. வருவாயில் 1 சதவீதம் அல்லது ரூ.1 லட்சம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டும் செலவைத் தனியாகக் காட்டச் சொல்கிறது அட்டவணை 3. எல்லாவற்றையும் இதரத்தில் கொட்டிவிட்டால் ஆடிட்டர் கேட்கும்போது யார் பிரித்துக் கொடுப்பது?

என்னைப் பாடாய்ப் படுத்துவது கம்பெனிகளுக்குள் இருக்கும் பாக்கி. தொகுப்பில் ஒரு கம்பெனியின் வரவேண்டியதும் மற்றதன் தரவேண்டியதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போக வேண்டும்; அதற்கு இரண்டு தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டறை, ஏற்றுமதிக் கம்பெனிக்கு ரூ.1,00,000 சாயக்கூலி பில் போடுகிறது. ஜிஎஸ்டியை விட்டுவிடுவோம். ஏற்றுமதிக் கம்பெனி 2 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே கழித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடித்து, பட்டறைக்குத் தர வேண்டியது 98,000 என்று எழுதுகிறது. பட்டறைப் புத்தகத்திலோ வர வேண்டியது 1,00,000 அப்படியே நிற்கிறது. "26ஏஎஸ்-ல வரட்டுங்க சார், அப்புறம் என்ட்ரி போட்டுக்கலாம்" என்பார் பட்டறைக் கணக்கர். நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித்துறை அறிக்கைதான் 26ஏஎஸ்; வரி பிடித்தவர் ரிட்டர்ன் போட்ட பிறகுதான் அதில் வரும். மார்ச் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்னுக்கு மே 31 வரை அவகாசம். அதுவரை இரண்டு பக்கமும் அடிபடாது. ஒவ்வொரு மார்ச்சிலும் இதே கதை, இதே எரிச்சல். பில் தேதியிலேயே பட்டறையும் 2,000-ஐ 'டிடிஎஸ் வரவேண்டியது' லெட்ஜருக்கு மாற்றிவிட்டால் பாக்கி இரண்டு புத்தகத்திலும் 98,000 ஆகிவிடும். அந்த 2,000 தொகுப்பிலும் நிற்கலாம். அது அரசோடு உள்ள கணக்கு, குழுமத்துக்குள் உள்ளதல்ல.

இன்னொன்று: குழுமக் கம்பெனிகளின் லெட்ஜரை சண்ட்ரி டெப்டார்ஸில் (பணம் தர வேண்டிய வாடிக்கையாளர்களின் குரூப்) திறக்க விடாதீர்கள். வெளி வாடிக்கையாளரோடு கலந்துவிட்டால் தேடிப் பிடிப்பதற்குள் பொழுது போய்விடும். தனி குரூப் வேண்டும். மில் விற்ற நூல் ஏற்றுமதிக் கம்பெனி குடோனில் மிச்சமிருந்தால், அது இன்னும் வெளியாருக்கு விற்காத சரக்கு; அதில் மில் வைத்த லாபத்தைத் தொகுப்பில் கழிக்க வேண்டும். அதை எந்தப் பட்டியலும் காட்டித் தராது; குடோன் இருப்பைக் கையில் வாங்கித்தான் கணக்குப் போட வேண்டும்.

பட்டியல் என் வேலையில் பாதியைக் குறைத்தது உண்மை. அப்படியிருந்தும், இந்த வருட மார்ச் கணக்கை முடித்த சூட்டோடு கேட்டால், நண்பரே, இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். மூன்று கணக்கரும் மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பாக்கியை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடும் பழக்கத்தை முதலில் கொண்டுவாருங்கள். பட்டியலை அடுத்த ஏப்ரல் 1-இல் தொடங்கிக்கொள்ளலாம்.