நிஜ அளவில் த்ரீ நாட் த்ரீ: இந்த பிளாக்ஸ் பெட்டியை வாங்கலாமா?

பொம்மை பிளாக்ஸை வைத்துப் பெரிய மாடல் கட்டுகிற மதுரைக்காரர்கள் மத்தியில் இப்போது அதிகம் விசாரிக்கப்படுவது இந்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கிப் பெட்டிதான். ஏறத்தாழ 1,400 துண்டுகள், எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, விலை ரூ.4,900. லெகோ சரக்கு கிடையாது. நவீன போர்க்கருவிகளை அச்சு அசலாகச் செய்து விற்பதில்லை என்பதை லெகோ கம்பெனி கொள்கையாகவே வைத்திருக்கிறது. இது லெகோவோடு பொருந்துகிற வேறு கம்பெனி பிளாக்ஸ். வடிவத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. உள்கட்டில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். புத்தகத்தில் போட்டபடியே கட்டி ஸ்டாண்டில் வைத்தால் சில வாரங்களில் முன்பக்கம் தொங்க ஆரம்பிக்கும்.

மாடலாக எடுத்துக்கொண்டது 1907-இல் வந்த மார்க் 3. நம் காவல் நிலையங்களில் பல பத்தாண்டுகள் இருந்த அதே த்ரீ நாட் த்ரீ. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையிலும் செய்தார்கள். காலேஜில் என்.சி.சி. பரேடில் சுமந்தவர்கள் கையில் கொடுத்தால் பிடியை வைத்தே தப்பைச் சொல்லிவிடுவார்கள். பிளாக்ஸில் கட்ட இதைவிடத் தோதான பழைய துப்பாக்கி கிடையாது. காரணம், குழலை மூக்குவரை மரம் மூடியிருக்கிறது. உருண்டையான நீளக் குழல் வெளியே தெரிந்தால் பிளாக்ஸில் வழியில்லை. 2×2 வட்டத் துண்டு 16 மி.மீ., 1×1 வட்டத் துண்டு 8 மி.மீ., நடுவில் எதுவும் கிடையாது. பாளையக்காரர் காலத்துத் திரித்துப்பாக்கிப் பெட்டி ஏன் வரவில்லை என்று கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில்.

அளவுகளும் அதிர்ஷ்டவசமாக ஒத்துவருகின்றன. பிளாக்ஸின் தலையில் இருக்கிற ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் 8 மி.மீ. நிஜத் துப்பாக்கியின் குழல் 640 மி.மீ., அதாவது சரியாக 80 குமிழ். மொத்த நீளம் 1,132 மி.மீ.; பெட்டியில் 142 குமிழ், 1,136 மி.மீ. வருகிறது. நாலு மி.மீ. கூடுதலை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

இனி முதுகெலும்புக்கு வருவோம். மூக்கிலிருந்து போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளுகிற தண்டு) வரை 96 குமிழ் நீளத்துக்கு, ஓட்டை போட்ட 1×16 துண்டுகளை மூன்று அடுக்காக வைத்திருக்கிறார்கள். அடுக்குக்கு 6, ஆக 18. மூன்று அடுக்கிலும் மூட்டு ஒரே இடத்தில் விழுகிறது. செங்கல் சுவரில் மூட்டுக்கு மேல் மூட்டு வைத்தால் கொத்தனார் அப்போதே இடிக்கச் சொல்வார். இங்கே அதையே படம் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். நடு அடுக்கை மட்டும் 8 குமிழ் தள்ளிப் போடுங்கள். அந்த அடுக்குக்கு ஐந்து 1×16, இரண்டு முனைக்கும் ஒவ்வொரு 1×8 போதும். ஒரு 1×16 மிச்சமாகும், இரண்டு 1×8 வெளியே வாங்க வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் இரு பக்கமும் இரண்டிரண்டு கறுப்புப் பின் (ஓட்டையில் செருகும் முளை). சாம்பல் நிறப் பின் உராய்வில்லாமல் சுழல்வது, அதை இங்கே போடாதீர்கள்.

இதோடு நிறுத்தினாலே பாதித் தொங்கல் போய்விடும். முழுதும் போக வேண்டுமென்றால் உள்ளே ராட் போடணும். முன்கட்டையின் அகலம் 5 குமிழ். இரண்டு, ஒன்று, இரண்டு என்று பிரித்தால் நடுவில் 8 மி.மீ. சந்து கிடைக்கும். 6 மி.மீ. எஸ்.எஸ். ராடை 750 மி.மீ. நீளத்தில் வெட்டி அதில் படுக்கவைக்கலாம். எந்த ஹார்டுவேர் கடையிலும் வெட்டித் தருவார்கள். இரண்டு முனையையும் இறுக்கிப் பிடிக்கும்படி அடைத்துவிடக் கூடாது. பிளாக்ஸ் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், சூட்டுக்கு ஸ்டீலைவிட நாலைந்து மடங்கு நீளும். 20 டிகிரி ஏறினால் இந்த நீளத்துக்கு இரண்டுக்கும் இடையே 1 மி.மீ. வித்தியாசம் விழும். சித்திரை மாதம் மொட்டைமாடி ரூமில் பகல் முழுக்க வெந்துவிட்டு ராத்திரி ஏ.சி. போட்டால் மூட்டு தானாக வாய் பிளப்பது இதனால்தான். ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையில் 3 மி.மீ. இடம் விடுங்கள். உள்ளே வேறு பொருளே கூடாது என்கிற சுத்த சைவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ராடை விட்டுவிட்டு ஸ்டாண்டின் கால்களை அகட்டி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பின்கட்டை இணைப்பிலும் கஞ்சத்தனம். நிஜத்திலேயே பட் என்கிற இந்தப் பின்கட்டை தனிக் கட்டை, இரும்பு சாக்கெட்டில் நீளத் திருகாணி போட்டு முடுக்கியது. அந்த சாக்கெட்டை அடர்சாம்பல் நிறத்தில் சரியான இடத்தில் காட்டியிருப்பது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் உள்ளே இருப்பது 8 குமிழ் நீள ஆக்சில் (இணைப்புத் தண்டு) ஒன்றே ஒன்று. பின்கட்டையைப் பிடித்துத் தூக்கினால் மொத்தப் பாரமும் அங்கே திரும்பும், கழுத்து முறியும். 12 நீள ஆக்சில் இரண்டை மேலும் கீழுமாகப் போட்டால் கவலையில்லை.

பட்டின் சரிவுக்குத் துண்டுகளைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். ஐந்து பிளேட் (மெல்லிய தட்டைத் துண்டு) உயரமும் இரண்டு குமிழ் அகலமும் ஒன்று, 16 மி.மீ. என்ற கணக்கில் ஓடுகிற வேலை இது. பிளேட் கனத்தில் பிசகு இருந்தால் கணக்கு கெடும். பெட்டி வந்ததும் 16 பிளேட்டை அடுக்கி வெர்னியரில் அளந்து பாருங்கள்; 51.2 மி.மீ. இருக்கணும். இந்தப் பெட்டியின் கறுப்பு, சாம்பல் பிளேட் சரியாக நிற்கிறது. பழுப்பு பிளேட் 51.5 காட்டுகிறது. பட்டின் அடிப்பக்கம் மயிரிழை இடைவெளி தெரிவதற்குக் காரணம் அதுதான். அழுத்தி அழுத்திப் பார்த்தால் சரியாகாது, பழுப்பு பிளேட்டை மட்டும் லெகோவில் மாற்றணும். லெகோவிலும் செம்பழுப்பு எளிதில் உடையும் என்று பெயர் வாங்கியது, அதனால் பிரிக்கும்போது பல்லால் கடிக்காமல் பிரிப்பானைப் பயன்படுத்துங்கள்.

போல்ட் இந்தப் பெட்டியின் ருசியான பகுதி. லீ-என்ஃபீல்டில் போல்ட்டை முன்னே தள்ளி மூடும்போதுதான் ஸ்பிரிங் இழுபடும்; அந்தக் கடைசி இழுவையை ஒரு ரப்பர் பேண்டை வைத்து அழகாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். மூடும்போது கை அதை உணரும். கைப்பிடி மட்டும் 90 டிகிரி சுற்றுகிறது, நிஜத்தில் 60 தான். ஆக்சில் கூட்டல் குறி வடிவம் என்பதால் நாலு நிலையில்தான் நிற்கும் என்று விட்டுவிட்டார்கள் போல. வட்டப் பின்னில் கைப்பிடியை மாட்டி, மேலே ஒரு சாய்வுத் துண்டைத் தடையாக வைத்தால் 60-க்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

போல்ட்டின் ஓட்டம் போதாது என்பது பெரிய குறை. பெட்டியில் 9 குமிழ், 72 மி.மீ. தோட்டா நீளம் 78. ஏழு வட்டத் துண்டும் ஒரு கூம்பும் சேர்த்துப் பெட்டியிலேயே கொடுத்திருக்கிற டம்மித் தோட்டாவே 76.8 மி.மீ. அதை மேகசினிலிருந்து (தோட்டா அடுக்கும் கூடு) மேலே ஏற்ற முடியாது, குறுக்கே மாட்டிக்கொள்ளும். பின்னால் இரண்டு குமிழ் நீட்டினால் தீரும்; அதற்குப் பத்துப் பதினைந்து துண்டு கூடுதலாகும். ரப்பர் பேண்ட் நம் ஊர் வெயிலுக்கு மாதக்கணக்கில் தாங்காது, ஒட்டிப்போய்ப் பிசுபிசுக்கும். சிலிகான் பேண்ட் வாங்கி வையுங்கள். எதையும் எறிகிற அமைப்பு பெட்டியில் இல்லை, சேர்க்கவும் வேண்டாம்.

குறி பார்க்கும் பட்டை, வார் மாட்டும் வளையம் எல்லாம் பரவாயில்லை. ட்ரிகர் காவல் வளையம் கொஞ்சம் தடிப்பு.

பத்தடி தூரத்தில் நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். ஆட்டோவிலோ பஸ்ஸிலோ கொண்டுபோவதென்றால் பின்கட்டையைக் கழற்றி, இரண்டாக அட்டைப்பெட்டியில் வையுங்கள். வைகைக் கரையில் போட்டோ எடுக்கிறேன் என்று தோளில் மாட்டிக்கொண்டு போய் போலீஸிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். விமானத்தில் கைப்பையில் பொம்மைத் துப்பாக்கிக்கே அனுமதி கிடையாது. மூக்கில் ஆரஞ்சு வட்டத் துண்டு ஒன்று மாட்டுவது நல்லது.

கடையில் வாங்கும்போது பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். பழுப்புத் துண்டுகள் இருக்கும் பைகள் சீல் உடையாமல் இருக்கணும், விடுபடுவது பெரும்பாலும் அவற்றில்தான்.

மூக்கில் மாட்டும் கத்தியான பயனெட் தனிப் பை, ரூ.650. 1907 பயனெட்டின் அலகு 17 அங்குலம், 432 மி.மீ., சரியாக 54 குமிழ்; பார்க்க லட்சணமாக இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே தொங்குகிற மூக்கில் இன்னும் அரை மீட்டர் பாரம். ராட் போடாதவர்கள் அதைத் துப்பாக்கியில் மாட்டாமல் கீழே தனி ஸ்டாண்டில் வைக்கட்டும்.