தண்டையார்பேட்டை கால் புண் சிகிச்சை மையம்: வளர்ச்சிக் காரணி ஜெல் சிகிச்சை

தண்டையார்பேட்டையில் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கென்றே இயங்கும் ஒரு சிறிய மையத்தில், என் தந்தையாருக்கு வளர்ச்சிக் காரணி (செல்களை வளரத் தூண்டும் புரதம்) கலந்த ஜெல் போடப்பட்டது. மருந்தை எழுதுவதற்கு முன்பே, அது என்ன செய்யும் என்பதை மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

ஆக்சிஜன் குறைந்த திசுவில் விஇஜிஎஃப் என்னும் புரதம் சுரக்கிறது. அது அருகிலுள்ள ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களில் உள்ள ஏற்பிகளில் (சைகையைப் பெறும் புரதங்களில்) பொருந்தியதும், அச்செல்களுள் சில சுவரை விட்டு வெளியே நீண்டு, சுரப்பு மிகுந்த திசையை நோக்கி நகர, பின்தொடரும் செல்கள் பெருகிப் புதுக் குழாயாக உருப்பெறுகின்றன. பிடிஜிஎஃப் என்னும் மற்றொரு காரணி, அக்குழாயைத் தாங்கி நிற்கும் செல்களை வரவழைக்கிறது. அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்ற இந்த ஜெல்லில் இருப்பது இரண்டாவது வகை.

இறந்த திசுவை நீக்காமலும், காலின் ரத்த ஓட்டத்தைச் சோதிக்காமலும் ஜெல்லைத் தொடவே கூடாது என்று அவர்கள் கறாராக இருந்தது மிகவும் பாராட்டுக்குரியது. புண் உள்ள இடத்தில் புற்றுநோய் இருந்தால் இதைப் போடக் கூடாது என்பதால், அதையும் முதலிலேயே விசாரித்தார்கள். செவிலியர் ஜெல்லை மெல்லிய படலமாகத் தடவி, உப்புநீரில் நனைத்த காஸ் துணியால் மூடுவார். நாளடைவில் புண்ணின் அடியில் சிறு சிறு மணிகளாகச் செந்நிறச் சதை எழும்பியதைக் கண்ணாரக் கண்டோம்.

விலை நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமைதான். குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்தை, சென்னை வெயிலில் ஐஸ் பை இல்லாமல் கையில் கொடுப்பதும், கால் புண்ணோடு வருபவர்களை லிஃப்ட் இல்லாத மாடிக்கு ஏற வைப்பதும் உடனே திருத்தப்பட வேண்டியவை.