வேளச்சேரித் தண்ணீரும் எங்கள் வீட்டு ஆர்.ஓ.வும்

எங்கள் வீட்டில் ஆர்.ஓ. மெஷின் (மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரைத் தள்ளி, கரைந்த உப்பை நீக்கும் மெஷின்) மாட்டியது 2019 கோடையில். அப்போது சென்னையில் இருந்தவர்களுக்கு அந்த வருடத்தை விளக்க வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டுபோய், ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் வந்து இறங்கியது. நடைக்கு 25 லட்சம் லிட்டர். எங்கள் அடுக்ககத்தில் மெட்ரோ வாட்டர் வந்தால் வந்தது, வராவிட்டால் போரும் லாரியும்தான். போர் தண்ணீரில் காபி போட்டால் உப்புக் கரித்தது. பருப்பு எத்தனை விசில் விட்டாலும் நறுக் நறுக்கென்றுதான் இருந்தது. வேறு யோசனையே இல்லாமல் வாங்கினோம்.

இத்தனை வருடம் ஓட்டிய பிறகு என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷின் உருப்படியான மெஷின்தான். ஆனால் எங்கள் வீட்டில் வருடத்தில் பாதி நாள் அதை ஓட்டவே தேவையில்லை. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த விஷயத்தில் சண்டை போடுகிற யாரும் அதைப் பேசுவதில்லை.

சண்டை தொடங்கியதும் அதே 2019 மே மாதத்தில்தான். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பு முதலானவற்றின் மொத்த அளவு) இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ. பயன்படுத்துவதைத் தடை செய்யுங்கள், அனுமதிக்கும் இடங்களிலும் உள்ளே போகும் தண்ணீரில் 60 சதவீதமாவது குடிக்கக் கிடைக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. ஊரில் பரவியபோது அந்த 500 எங்கோ உதிர்ந்துவிட்டது. 'ஆர்.ஓ.வுக்குத் தடை' என்பது மட்டும் மிஞ்சியது. அன்றிலிருந்து நாலு பேர் கூடினால் இரண்டு கட்சி. எங்கள் சித்தப்பா ஒரு கட்சி: "ஆர்.ஓ. தண்ணி குடிச்சா எலும்பு கரைஞ்சிடும்டா, உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு." மேல் வீட்டு சார் எதிர்க்கட்சி: "நம்ம வீட்ல இருபத்தஞ்சுதான் சார் காட்டுது, சுத்தமோ சுத்தம்."

இருவரும் பிடித்துத் தொங்குவது டிடிஎஸ் என்ற ஒரே எண்ணைத்தான். அந்த எண் எதைக் காட்டுகிறது என்று பார்த்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பேனா அளவில் விற்கிறார்களே, அந்த டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்க்கிறது. கரைந்த உப்பு அதிகமானால் மின்சாரம் சுலபமாகப் போகும். அதை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி மில்லிகிராம் கணக்காகக் காட்டுகிறது, அவ்வளவுதான். கிருமி அதற்குத் தெரியாது. பூச்சிக்கொல்லி தெரியாது. ஈயமோ ஆர்சனிக்கோ ஆபத்தான அளவில் இருந்தாலும், அந்த அளவே லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருப்பதால் மீட்டரில் ஒரு புள்ளிகூட நகராது.

இதற்கு நல்ல உதாரணம் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது கிடைத்தது. வேளச்சேரி மூழ்கியதைத்தான் எல்லோரும் பார்த்தார்களே. எங்கள் தெருவில் சாக்கடைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றாகி சம்ப்புக்குள் (தரைக்கடித் தொட்டிக்குள்) இறங்கிவிட்டன. வடிந்த பிறகு கழுவி விடுவதற்கு முன் அந்தத் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து மீட்டரை வைத்தேன். நாற்றம் தாங்கவில்லை. மீட்டர் காட்டியதோ சாதாரண நாளில் போர் தண்ணீருக்குக் காட்டுவதில் பாதிகூட இல்லை. மழைத் தண்ணீரில் உப்பு கிடையாது, கலந்ததும் எண் இறங்கிவிட்டது. எண்ணை மட்டும் நம்புகிறவர் அன்றைக்கு அதை நல்ல தண்ணீர் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

விற்க வருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்து வீட்டில் ஒருவர் வந்து டெமோ காட்டினார். இரண்டு டம்ளர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் முக்கி ஸ்விட்சைப் போட்டார். அரை நிமிஷத்தில் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, மேலே அழுக்கு நுரை கட்டியது. மற்றது அப்படியே கண்ணாடி போல நின்றது. "பாருங்க மேடம், இதைத்தான் தினமும் குழந்தைக்குக் குடுக்கறீங்க." நான் போய் அடுப்படியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து அவருடைய சுத்தத் தண்ணீரில் போட்டு, "தம்பி, இப்ப ஒரு தடவை போடுங்க" என்றேன். அதுவும் பழுப்பானது. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் ஓடும், இரும்புக் கம்பி கரையும், கரைந்த இரும்புதான் அந்தப் பழுப்பு. அழுக்கு தண்ணீரில் இல்லை, கம்பியிலிருந்து வருகிறது. தம்பி சிரித்துக்கொண்டே பையை மூடினார். பக்கத்து வீட்டு அக்கா அடுத்த மாதம் அதே மெஷினை வாங்கிவிட்டார், அது வேறு கதை.

சித்தப்பா கட்சிக்கு வருவோம். அவர் சொல்வது முழுக் கற்பனை இல்லை. கனிமம் நீக்கிய தண்ணீரையே தொடர்ந்து குடிப்பது பற்றி எச்சரிக்கும் கட்டுரை ஒன்று உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட தொகுப்பில் இருக்கிறது. ஆனால் எலும்பு கரைவதற்கு அது எங்கே? இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு ஏற்கும் கால்சியம் அளவு லிட்டருக்கு 75 மில்லிகிராம். நாள் முழுக்க இரண்டு லிட்டர் குடித்தால் 150. ஒரு சின்ன டம்ளர் பாலில் அது வந்துவிடும். 100 கிராம் கேழ்வரகில் 300-க்கும் மேல் இருக்கிறது. தயிரும் கீரையும் கேழ்வரகும் தட்டில் இருக்கும் வீட்டில் தண்ணீர் கொடுக்கும் கால்சியம் சில்லறைக் காசு. சாப்பாடே போதாமல் இருப்பவர்கள் விஷயம் வேறு, அவர்களுக்கு அந்தச் சில்லறையும் கணக்குதான்.

சித்தப்பாவிடம் நான் கேட்க நினைப்பது வேறு. அவர் வீடு அடையாறில். அங்கே குழாயில் வருவது எந்தத் தண்ணீர்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். 2024 பிப்ரவரியில் அங்கேயே இன்னொரு 15 கோடி லிட்டர் நிலையம் திறந்தார்கள். தென்சென்னைக்குத்தான் இது வருகிறது. வடக்கே மீஞ்சூரில் 2010-லேயே ஒன்று திறந்தார்கள். எல்லாமே ஆர்.ஓ.தான். லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்பு இருக்கும் கடல்நீரை ஐம்பது, அறுபது மடங்கு காற்றழுத்தத்தில் மெம்பிரேனுக்குள் தள்ளி எடுக்கிறார்கள், பிறகு கனிமம் சேர்த்து அனுப்புகிறார்கள். ஆர்.ஓ. வேண்டவே வேண்டாம் என்று ஏழு வருடமாகச் சொல்கிறவர் குழாயில் பிடித்துக் குடிப்பதில் ஒரு பங்கு ஆர்.ஓ. தண்ணீர். அதைச் சுத்தமாக்குகிறேன் என்று நாம் வீட்டில் இன்னொரு முறை ஆர்.ஓ. போடுகிறோம். இரண்டு கட்சிக்கும் இதில் பங்கு உண்டு.

(இந்த மெம்பிரேனை உருப்படியாக வேலை செய்ய வைத்தவர்கள் லோப், சௌரிராஜன் என்ற இருவர், கலிஃபோர்னியாவில், 1960-ஐ ஒட்டி. சௌரிராஜன் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் பெயர். 'எல்லாம் வெள்ளைக்காரன் சதி' என்று ஆரம்பிக்கும் ஆட்களிடம் இதைச் சொன்னால் கொஞ்ச நேரம் அமைதி கிடைக்கும்.)

இனி மெஷினின் உண்மையான குறை. வேஸ்ட் தண்ணீர். சிங்க்குக்குக் கீழே கால் அங்குலக் குழாய் ஒன்று பக்கெட்டுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் மெஷினில் ஒரு லிட்டர் பிடித்தால் மூன்று லிட்டர் அதில் போகிறது. குடிக்க, சமைக்க நாளைக்குப் பத்து லிட்டர் என்றால் முப்பது லிட்டர் வெளியே. மாப் போட, பாத்ரூமில் ஊற்ற என்று நாங்கள் அதைத் தீர்த்துவிடுகிறோம். ஆனால் கணக்குப் பார்க்க வேண்டிய இடம் இது. கோடையில் அசோசியேஷன் போர் தண்ணீரை மெட்ரோ தொட்டியில் கலந்துவிடும்போது சமையலறைக் குழாயில் 1200 காட்டுகிறது. அப்போது வேஸ்ட் தண்ணீர் 1500-ஐத் தாண்டும். துளசிக்கு ஊற்றினால் இலை ஓரம் கருகும். மழைக்குப் பிறகு மெட்ரோ வாட்டர் மட்டும் வரும் மாதங்களில் குழாயில் 300. அப்போது வேஸ்ட் 400-க்குக் கீழேதான் இருக்கும்.

யோசித்துப் பாருங்கள். குடிநீருக்கு அமைவனம் ஏற்கும் டிடிஎஸ் 500. அந்த மாதங்களில் மெஷின் கழிவென்று பக்கெட்டில் தள்ளுவதே அந்த வரம்புக்குள் இருக்கிறது. தீர்ப்பாயம் 500 என்று கோடு போட்டது ஏன் என்று எனக்குப் புரிந்தது இந்தப் பக்கெட்டில்தான்.

அதனால் இப்போது எங்கள் வீட்டுப் பழக்கம் இது. வாரம் ஒருமுறை குழாய்த் தண்ணீரை மீட்டரில் பார்ப்பேன். அதற்கு மட்டும் அந்த மீட்டர் நல்ல கருவி. போர் கலந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். 500-க்குக் கீழே இருந்தால் மெஷினை அணைத்துவிட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடிக்கிறோம். மேலே போனால் மெஷின். கொதிக்க வைத்தால் உப்பு போகாது, ஆவியாகிற அளவுக்குக் கொஞ்சம் கூடத்தான் செய்யும், அதனால் போர் தண்ணீருக்கு அது பதில் இல்லை. இன்னொன்று, மெஷினை வாரக்கணக்கில் சும்மா நிறுத்திவைத்தால் உள்ளே தேங்கிய தண்ணீர் கெட்டுவிடும். திரும்ப ஓட்டும்போது முதல் இரண்டு தொட்டித் தண்ணீரை நாங்கள் பாத்திரம் கழுவத்தான் வைத்துக்கொள்கிறோம்.

சர்வீஸ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வருட ஒப்பந்தம் போட்ட நிறுவனத்திலிருந்து யார் வந்தாலும் முதல் வசனம் ஒன்றுதான்: "மெம்பிரேன் போயிடுச்சு சார்." ஆதாரம், சுத்தத் தண்ணீரில் 90 காட்டுகிறது, முன்பு 25 காட்டியதாம். உள்ளே போவது 1200 என்றால் 90 வெளியே வருவது தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வடிகட்டுகிறது என்றுதான் அர்த்தம். 300 உள்ளே போய் 90 வந்தால் அப்போது மெம்பிரேன் போய்விட்டது. உள்ளே போவதைப் பார்க்காமல் வெளியே வருவதை மட்டும் வைத்து யாராவது பில் போட்டால் மீட்டரை நீங்களே குழாயில் வைத்துக் காட்டுங்கள். முன்னால் இருக்கும் கேண்டிலையும் கார்பன் ஃபில்டரையும் மட்டும் நேரத்துக்கு மாற்றிவிட வேண்டும். கார்பன் தேய்ந்தால் மெட்ரோ வாட்டர் குளோரின் நேராக மெம்பிரேனைத் தின்றுவிடும்.

'மினரல் சேர்த்துத் தரேன்' என்று உள்ளே ஒரு திருகைத் திருப்புவார்கள். டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று பெயர். பெரும்பாலான மெஷின்களில் அது செய்வது, மெம்பிரேன் வழியாகப் போகாத பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவது. போர் தண்ணீரில் நைட்ரேட் இருந்தால் அதுவும் சேர்ந்து வரும், கிருமியைக் கொல்ல மெஷினில் வைத்திருக்கும் யூவி (புறஊதா) விளக்கு அதை ஒன்றும் செய்யாது. எங்கள் வீட்டில் அதை மூடச் சொல்லிவிட்டேன். ஆல்கலைன், காப்பர் என்று கூடுதல் காசு கேட்கும் மாடல்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வயிற்று அமிலத்துக்குள் விழுந்ததும் ஆல்கலைன் கதை முடிந்தது. செம்புக் குடத்தில் ராத்திரி முழுக்க ஊறினால் கிருமி சாகும், அது உண்மை. செம்பு வழியாக நொடியில் ஓடுகிற தண்ணீரிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முதலில் மீட்டர் மட்டும் வாங்குங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை பாருங்கள். போர் தண்ணீர் என்றால் ஒரு லேபில் கொடுத்து நைட்ரேட், ஃப்ளோரைடு, கிருமி மூன்றையும் பார்த்துவிடுங்கள். வருடம் முழுக்க 500-க்குக் கீழே என்றால் யூவியோ கொதிக்க வைப்பதோ போதும்.

நெம்மேலிக்குப் பக்கத்தில் பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் கடல்நீர் நிலையத்துக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் தண்ணீர் எங்கள் பக்கம் ஒழுங்காக வர ஆரம்பித்தால் இந்த மெஷினைக் கழற்றிவிடலாமா என்று வீட்டில் கேட்டேன். "அசோசியேஷன்ல சொல்லி மொதல்ல அந்த போர் லைனைக் கழட்டச் சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்" என்று பதில் வந்தது. அடுத்த கூட்டத்தில் பேசுவதாக இருக்கிறேன்.