பக்கத்தை நீக்க, இடம் மாற்ற: எந்த மென்பொருள் தேவலாம்?

40 பக்க அறிக்கையில் 12-ஆம் பக்கத்தைத் தூக்கி 5-க்கு முன்னால் வைக்க வேண்டும். ஸ்லைடு என்றால் இழுத்துப் போட்டு முடித்துவிடலாம். வேர்டில் பக்கச் சிறுபடங்கள் தெரியும், ஆனால் இழுத்தால் நகராது. வேர்டுக்குப் பக்கம் என்று தனியாக ஒன்று கிடையாது. எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும், தாள் நிரம்பும் இடத்தில் பக்கம் முறியும், அவ்வளவுதான். எழுத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தாலே எல்லாப் பக்கங்களும் மேலே ஏறிவிடும்.

ஒரு பக்கத்தை மட்டும் நீக்க வேர்டில் ஒரு வழி உண்டு. அந்தப் பக்கத்தில் கர்சரை வைத்து, கன்ட்ரோலோடு ஜி அழுத்தி, வரும் பெட்டியில் \ குறியையும் அதை ஒட்டி பேஜ் என்பதை ஆங்கிலத்திலும் அடித்து என்டர் தட்டினால், பக்கம் முழுவதும் தேர்வாகும். பெட்டியை மூடிவிட்டு டெலீட். ஆனால் பக்கம் வாக்கியத்தின் நடுவில் தொடங்கியிருந்தால் அந்த வாக்கியத்தில் பாதி போய்விடும். அட்டை, படிவம் போன்ற தனிப்பக்கங்களுக்கு மட்டும் இது சரி.

இடம் மாற்றுவதற்கு என் ஓட்டு தலைப்புகளுக்கே. தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் (‘ஹெடிங் 1’ போன்ற ஆயத்தத் தலைப்பு வடிவம்) கொடுத்திருந்தால், வியூ மெனுவில் தலைப்புகளைப் பட்டியலிடும் நேவிகேஷன் பேனைத் திறந்து தலைப்பை இழுத்தால் போதும். அதன் கீழுள்ள பத்திகள், உபதலைப்புகள் எல்லாம் கூடவே போகும். ஒரு சிக்கல்: கன்ட்ரோல் என்டர் தட்டிப் போட்ட பக்க முறிவு முந்தைய பகுதியின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். பகுதியை நகர்த்தினால் அதுவும் கூடப் போய் வேண்டாத இடத்தில் பக்கத்தை உடைக்கும். அதற்குப் பதில், ஹெடிங் ஸ்டைலின் பத்தி அமைப்பிலேயே ‘முன்னால் பக்க முறிவு’ என்று வைத்துவிட்டால் தொல்லையில்லை.

லிப்ரே ஆபிஸ் ரைட்டரும் இதில் சளைத்ததல்ல. எஃப்5 தட்டினால் அதே மாதிரி தலைப்புப் பட்டியலோடு நேவிகேட்டர் வரும். தலைப்பை இழுக்கலாம், அம்புக்குறி பட்டன்களாலும் மேலே கீழே நகர்த்தலாம். காசும் கிடையாது. நீண்ட ஆவணத்துக்கு இந்த இரண்டில் எது கையில் இருக்கிறதோ அதுவே போதும்.

கூகுள் டாக்ஸ் இங்கே பின்தங்குகிறது. அதன் அவுட்லைன் என்னும் தலைப்புப் பட்டியல் தலைப்புக்குத் தாவ உதவும், இழுக்க விடாது. ஒரே ஆவணத்தைத் தனித்தனிப் பிரிவுகளாக வைக்க 2024-இல் வந்த டேப் வசதியில் டேபை இழுத்து வரிசை மாற்றலாம். முதலிலேயே அத்தியாயத்துக்கு ஒரு டேப் என்று பிரித்தவர்களுக்குத்தான் அது பயன்படும். மற்றவர்கள் கட், பேஸ்ட்தான்.

ஆப்பிள் பேஜஸில், பக்க வடிவமைப்பு வகை ஆவணமாக இருந்தால் மட்டும் சிறுபடத்தை இழுத்துப் பக்கத்தையே நகர்த்தலாம். துண்டறிக்கைக்குத் தோதானது.

எழுத்து வேலையெல்லாம் முடிந்துவிட்டதா? பிடிஎஃப் ஆக்கிவிட்டு அங்கே அடுக்குங்கள். அங்கேதான் பக்கம் உண்மையிலேயே பக்கம். ஆனால் அச்சான பக்க எண்களும் பொருளடக்கமும் பழையபடியே நிற்கும்.

அப்புறம், எவ்வளவு அழித்தாலும் போகாத அந்தக் கடைசி வெற்றுப் பக்கம். வேர்டில் ஆவணம் அட்டவணையோடு முடிந்தால், அதற்குப் பின் ஒரு காலிப் பத்தி கட்டாயம் இருக்கும்; அதுதான் அடுத்த பக்கத்துக்கு வழிந்திருக்கும். அதை அழிக்க முடியாது. அதன் எழுத்தளவை 1 ஆக்கி, பத்தி இடைவெளியைச் சுழியமாக்கினால் பக்கம் மறைந்துவிடும்.