பழைய சைக்கிள் சாமான் வாங்கி விற்க டிஜிட்டல் வெர்னியர்: பிளாஸ்டிக் வேண்டாம், ஸ்டீல் வாங்குங்கள்

என்னிடம் இரண்டு டிஜிட்டல் வெர்னியர் (சாமானை இரண்டு தாடைகளுக்கு நடுவே பிடித்தால் அளவைத் திரையில் காட்டுகிற கருவி) இருக்கிறது. ஒன்று கறுப்பு பிளாஸ்டிக், ஐநூறு ரூபாய்க்குள் முடிந்தது. இன்னொன்று ஸ்டீல், ஆயிரத்துச் சொச்சம், அதுவும் பெரிய பிராண்டெல்லாம் இல்லை. இரண்டுமே 150 மி.மீ. வரை அளக்கும். காயலான் கடையிலும் வீடு காலி செய்பவர்களிடமும் பழைய சைக்கிள் சாமான்களை வாங்கி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, இது எந்த வண்டிக்கு ஆகும் என்று கண்டுபிடித்து ஆன்லைனில் விற்கிற சின்ன வியாபாரத்துக்காக வாங்கியவை. அந்த வேலைக்கு எப்படி இருக்கிறது என்பதை மட்டும்தான் இங்கே சொல்கிறேன். லேத் பட்டறைக்காரர்கள் படித்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிளாஸ்டிக் வெர்னியரை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். அது மட்டமான சாமான் என்பதால் இல்லை. பழைய நாற்காலிக்கு போல்ட் அளக்க, ஆணி அளக்க, பைப் அளக்க எல்லாம் நன்றாகவே இருக்கும். சைக்கிள் சாமானில்தான் சிக்கல். இங்கே ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே பல நேரம் 0.2 மி.மீ. தான் வித்தியாசம், இந்த மாதிரி பிளாஸ்டிக் வெர்னியர்களோ 0.1 வரைதான் காட்டும், கூடவே 0.2 வரை முன்னே பின்னே போகலாம் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். அப்படியென்றால் நமக்கு எந்த இடத்தில் பதில் வேண்டுமோ அதே இடத்தில் அது கையை விரித்துவிடும்.

சீட் பில்லரை, அதாவது சீட்டைத் தாங்குகிற குழாயை, எடுத்துக்கொள்ளுங்கள். 26.2, 26.4, 26.6, 26.8, 27.0, 27.2 என்று இரண்டு இரண்டு புள்ளியாக ஏறிக்கொண்டே போகும். 27.2 வேண்டிய பிரேமில் 27.0 பில்லரைப் போட்டால் உள்ளே நன்றாக இறங்கும், கிளாம்ப்பை இறுக்கினால் நிற்பது போலவும் தெரியும், அப்புறம் ஆள் ஏறி நாலு தெரு போவதற்குள் சீட் கீழே இறங்கிவிடும். வாங்கியவர் சும்மா விடுவாரா? பில்லரின் அடியில் அளவு அடித்திருந்தால் பிரச்சினையே இல்லை, ஆனால் பாதி பில்லரில் அது தேய்ந்திருக்கும், இல்லையென்றால் யாரோ ரம்பம் போட்டு அடியை அறுத்திருப்பார்கள். பிளாஸ்டிக் வெர்னியர் அழுத்தி அளந்தால் ஒன்று சொல்லும், லேசாகப் பிடித்தால் இன்னொன்று சொல்லும், ஏனென்றால் அதன் தாடையே வளைகிறது. ஸ்டீல் வெர்னியரில் அந்தத் தொல்லை இல்லை, எத்தனை முறை எடுத்தாலும் புள்ளிக்குப் பிறகு இரண்டாவது இடத்தில்தான் எண் ஆடும். ஒன்று மட்டும் கவனியுங்கள், கிளாம்ப் கடித்த இடத்தில் அளக்காதீர்கள், அடிப்பக்கம் நல்ல இடமாகப் பார்த்து குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை எடுங்கள்.

ஹேண்டில்பாரும் இதே கதைதான். நடுவில் ஸ்டெம் (ஹேண்டில்பாரை வண்டியோடு சேர்க்கிற பாகம்) பிடிக்கிற இடம் 25.4 இருக்கலாம், ரோடு பைக் என்றால் 26.0 இருக்கலாம், இத்தாலியக் கம்பெனியான சினெல்லியின் பழைய பார் என்றால் 26.4. மூன்றையும் மேசையில் போட்டால் கண்ணுக்கு ஒன்றுதான். சினெல்லி பாருக்கு இன்றும் ஆள் இருக்கிறார்கள், அளவைத் தப்பாகப் போட்டு விற்றால் ஸ்டெம்மும் போகும், பேரும் போகும். புதிய 31.8 பாரைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம், அதற்கு வெர்னியர் வேண்டாம்.

இந்தக் கருவி எனக்குப் பணம் சம்பாதித்துக் கொடுத்தது செயின்வீலில்தான், அதாவது பெடலோடு சுற்றுகிற பல் சக்கரத்தில். ஐந்து போல்ட் செயின்வீலுக்கு, போல்ட் துளைகளின் மையங்கள் வழியே போகிற வட்டத்தின் விட்டம் தெரியாமல் விலை சொல்லவே முடியாது, 110, 130, 144 எல்லாம் வேறு வேறு கூட்டத்துக்குப் போகிற சாமான். ஐந்து துளை இருப்பதால் நேர் எதிரில் துளை கிடையாது, விட்டத்தை நேராக அளக்கவும் வழியில்லை. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத்துக்கு மையம் எடுத்து 1.7ஆல் பெருக்க வேண்டும். 76.4 வந்தால் 130, 64.7 வந்தால் 110, 84.6 வந்தால் 144, அதாவது இத்தாலியக் கம்பெனியான காம்பன்யோலோவின் பழைய வகை, அதை எடைக்குப் போடுகிற கடையில் பார்த்தால் சத்தமில்லாமல் வாங்கிவிடுங்கள். சரி, துளையின் மையத்தை எப்படி அளப்பது? டிஜிட்டல் வெர்னியரின் அருமை இங்கேதான். மேலே இருக்கிற சின்ன உள்தாடையை ஒரு துளைக்குள் விட்டு விரித்து, துளையின் அகலம் காட்டும்போதே ஜீரோ பட்டனை அழுத்துங்கள். அப்புறம் ஒரு தாடையை இந்தத் துளையிலும் மறு தாடையை அடுத்த துளையிலும் வைத்து வெளிப்பக்கமாக விரியுங்கள். திரையில் வருவதுதான் மையத்துக்கு மையம், கழித்தல் கணக்கு எதுவும் வேண்டாம். நாலு போல்ட் மவுண்டன் பைக் கிராங்க் (பெடல் மாட்டுகிற கை) என்றால் 1.414ஆல் பெருக்கினால் போதும், பெரும்பாலும் 104 வரும், உள்ளே சின்ன வளையத்துக்கு 64. ஷிமானோவின் புதிய கிராங்குகளில் நாலு போல்ட்டும் சம இடைவெளியில் இருக்காது, அதில் இந்தக் கணக்கு எடுபடாது, மாடல் எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதே ஜீரோ வித்தையை ரிம்முக்கும் செய்யலாம். ரிம் பிரேக் வண்டியின் அலுமினிய ரிம்மை பிரேக் கட்டை வருஷக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து சுவர் மெலிந்துபோயிருக்கும், ஆனால் உள்விளிம்பு உள்பக்கம் மடிந்திருப்பதால் வெர்னியர் நேராகச் சுவரைப் பிடிக்காது. ஒரு 3/16 அங்குல பால்ரஸ் குண்டை முதலில் வெர்னியரில் பிடித்து ஜீரோ செய்துவிட்டு, அந்தக் குண்டைச் சுவரின் உள்பக்கம் வைத்துக் குண்டோடு சேர்த்து அளந்தால் சுவரின் தடிமன் மட்டும் தெரியும். ஒரு மி.மீ.க்குக் கீழே வந்த ரிம்மை நான் விற்பதில்லை, அலுமினிய எடைக்குப் போட்டுவிடுகிறேன். டிஸ்க் பிரேக் தட்டுக்கு இவ்வளவு சர்க்கஸ் தேவையில்லை. ஷிமானோ தட்டு புதிதில் 1.8 மி.மீ., 1.5 வந்தால் மாற்ற வேண்டும், அதைத் தட்டிலேயே பொறித்திருப்பார்கள். 1.55 காட்டுகிற தட்டை நல்ல கண்டிஷன் என்று போட்டு விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பிளாஸ்டிக் வெர்னியர் வைத்திருந்தால் அவர்களைப் பிடிக்கவே முடியாது.

செயின் அகலமும் சுலபம். பெயர் அழிந்த செயினில் ரிவெட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அளந்தால் 8 ஸ்பீடு ஏழு மி.மீ.யை ஒட்டி வரும், 9 ஸ்பீடு 6.6 பக்கம், 10 ஸ்பீடு ஆறை ஒட்டி. தேய்மானம் பார்க்கத்தான் இந்த 150 மி.மீ. வெர்னியர் உதவாது. அதற்கு ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல் போதும், புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம், அது 12 அங்குலமும் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கும் வந்துவிட்டால் செயின் முடிந்தது, யாரிடமும் பணம் வாங்காதீர்கள்.

வெர்னியர் தோற்கிற இடம் மரை. ஸ்டீலோ பிளாஸ்டிக்கோ, தோல்விதான். பி.பி. கப்பை (கிராங்குகளின் அச்சைத் தாங்க பிரேமில் திருகுகிற மூடி) அளந்தால் 34.7, 34.8 என்று வரும். அது இங்கிலீஷ் கப்பாகவும் இருக்கலாம், பிரெஞ்சு கப்பாகவும் இருக்கலாம், விட்டம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று. இங்கிலீஷ் என்றால் அங்குலத்துக்கு 24 மரை, பிரெஞ்சு என்றால் ஒரு மி.மீ. இடைவெளி. இத்தாலியன் மட்டும் 36 மி.மீ.யை ஒட்டி வருவதால் தப்பிக்கும். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் செய்த பழைய ராலி வண்டியில் அங்குலத்துக்கு 26 மரை வேறு. இதற்கு மரையின் இடைவெளியை ஒப்பிட்டுப் பார்க்கிற மரை கேஜ்தான் வேண்டும், வெர்னியரை விட விலை குறைவு. செயின் பக்கத்துக் கப் இடது மரையாக இருந்தால் பிரெஞ்சு இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம் (சுவிஸ் வண்டி ஏதாவது வந்து மாட்டினால் நான் பொறுப்பில்லை). பெடலிலும் சாதாரணமாக 9/16 அங்குலம், பழைய பிரெஞ்சுப் பெடல் 14 மி.மீ., வித்தியாசம் கால் மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஸ்டீல் வெர்னியரில் அது தெரியும், ஆனால் மரை தேய்ந்திருந்தால் அதையும் நம்பாதீர்கள், கேஜை வைத்துப் பாருங்கள்.

சக்கரத்தோடு இருக்கிற ஹப்பை அளக்கவும் இது ஆகாது, கம்பிகள் குறுக்கே நிற்கும். 120, 126, 130, 135 என்று பின் ஹப்பின் அகலத்தைப் பார்க்க ஸ்கேலே போதும், அங்கே நாலைந்து மி.மீ. வித்தியாசம் இருக்கிறது. டயரை அளக்கவே வேண்டாம், பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 26 அங்குலம் என்று மட்டும் போட்டு விற்காதீர்கள், மவுண்டன் பைக் 26 என்பது 559 (ரிம்மில் டயர் உட்காருகிற இடத்தின் விட்டம், மி.மீ.யில்), லேடீஸ் வண்டியின் 26×1⅜ என்பது 590, ஒன்று இன்னொன்றில் ஏறாது. நம்ம ஊர் 28×1½ டபுள் பார் வண்டிக்கு 635.

அளவு தெரிந்தால் மட்டும் விலை வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும், இதை எந்த வெர்னியர் விளம்பரமும் சொல்லாது. 1949இல் தொடங்கிய நம்ம டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் சாமான் எவ்வளவு கச்சிதமாக அளந்தாலும், காட்டர் பின்னிலிருந்து ஹேண்டில் வரை புதிதாகவே எந்தக் கடையிலும் கிடைக்கிறது, அதனால் பழசுக்கு யாரும் பெரிதாகத் தர மாட்டார்கள். அதே குப்பையில் ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற இங்கிலாந்து கம்பெனியின் பெயர் பொறித்த கியர் ஹப் (உள்ளேயே கியர் இருக்கிற சக்கர நடுப்பாகம்) கிடந்தால் கதை வேறு. ஹப்பின் உடலைத் துடைத்துப் பாருங்கள், ஏடபிள்யூ என்று மாடலும், பக்கத்தில் மாதமும் வருஷத்தின் கடைசி இரண்டு எண்ணும் அடித்திருக்கும், 63 10 என்றால் 1963 அக்டோபர். காம்பன்யோலோ நுவோவோ ரெக்கார்ட் பின் டிரெயிலியரில் (செயினைக் கியருக்குக் கியர் தள்ளுகிற பாகம்) பேட்டன்ட் என்பதற்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் வருஷம் இருக்கும். ஷிமானோவில் இரண்டு எழுத்து, முதல் எழுத்து வருஷம், இரண்டாவது மாதம், ஏ என்றால் 1976, ஆனால் 26 எழுத்தும் தீர்ந்து 2002இல் மறுபடி ஏ வந்துவிட்டது, எனவே சாமானின் தோற்றத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டிரெயிலியரின் பின்பக்கம் மாடல் எண் இருக்கும், டூர்னியா டியோரேவா என்று அதுதான் சொல்லும். ஷிமானோவின் மலிவு வகையான டூர்னி என்றால் கழுவுகிற நேரம்கூட நஷ்டம்.

விலை வைப்பதில் என் வழக்கம் ரொம்ப எளிது. இன்னும் கடையில் கிடைக்கிற சாமான் என்றால் புது விலையில் பாதிக்கு மேல் கேட்பதில்லை, கோனிலோ கப்பிலோ குழி விழுந்திருந்தால் கால்வாசி. உற்பத்தி நின்ற சாமானுக்குத்தான் பேரம் பேச இடம். எதுவும் போகவில்லையென்றால் எடை விலை இருக்கவே இருக்கிறது, அதற்கு ஒரு காந்தம் கையில் இருக்கட்டும், அலுமினியத்தில் ஒட்டாது, இரும்பில் ஒட்டும், இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி இரும்பு விலைக்குக் கொடுப்பதைப் போல முட்டாள்தனம் வேறில்லை.

வெர்னியருக்கு இன்னொரு உபயோகமும் இருக்கிறது, போட்டோ. சாமானைத் தாடையில் பிடித்தபடி திரையில் 27.20 தெரிகிற மாதிரி ஒரு படம் போட்டால், "அண்ணே சைஸ் என்ன, கரெக்டா பார்த்தீங்களா" என்று வருகிற கேள்விகள் பாதியாகக் குறைந்துவிடும். வாங்குபவர்களுக்கும் சொல்கிறேன், படத்தில் தாடை சாய்ந்திருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள், சாய்த்துப் பிடித்தால் பெரிதாகக் காட்டும்.

குறை என்று சொன்னால் பேட்டரி. இரண்டிலுமே எல்ஆர்44 பட்டன் செல். ஆஃப் செய்து வைத்தாலும் உள்ளே மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஓடிக்கொண்டுதான் இருக்கும், விலை குறைந்த வெர்னியர்களுக்கு இது பொதுவான வியாதி. கொஞ்ச நாள் தொடாமல் வைத்து எடுத்தால் திரை கண்ணடிக்கும், அல்லது செத்திருக்கும். வேலை முடிந்ததும் செல்லைக் கழற்றி வைத்துவிடுகிறேன், ஸ்டீல் வெர்னியரின் மூடி அதற்கேற்ற மாதிரி இல்லை, நகத்தைப் பதம் பார்க்கிறது. கிரீஸ் கையோடு தொட்டால் சறுக்குகிற பாகத்தில் அழுக்கு சேர்ந்து எண் தாவும், துணியால் துடைத்து, தாடையை மூடி ஜீரோ வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இந்த பேட்டரி ரகளையே வேண்டாம் என்பவர்கள் முள் வைத்த டயல் வெர்னியர் வாங்கலாம், அதில் டயலைத் திருப்பி முள்ளை ஜீரோவுக்குக் கொண்டுவந்தாலும் முழுச் சுற்றுகளை நாமே கழித்துக்கொள்ள வேண்டும். செயின்வீல் நிறைய பார்ப்பவர்களுக்கு டிஜிட்டல்தான் வசதி. ஐந்துக்கு ஸ்டீலுக்கு நாலு, பிளாஸ்டிக்குக்கு ஒன்றரை, அந்த ஒன்றரையும் என் பையன் ஸ்கூல் புராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டான் என்பதற்காக.