‘எல்இடி லைட் பிரச்சினை சார்’: பழைய கேமரா வாங்கி ஏமாந்த கதை

பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள், அதிலும் மீன்தொட்டியையோ ராத்திரி விளையாட்டையோ எடுக்க வாங்குகிறவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் 37,000 ரூபாய் கொடுத்தேன். போராடித் திரும்ப வாங்கியது 26,000. மீதி போனது போனதுதான்.

வீட்டில் மூன்றடித் தொட்டி ஒன்றும் ஃபைட்டர் மீன்களுக்கு ஆறு சின்னத் தொட்டிகளும் இருக்கின்றன. எல்லாம் சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் சேர்த்தவை. ஃபைட்டர் வாலை முழுசாக விரித்துக் காட்டும் அந்த ஒரு நொடி, செல்போனில் எடுத்தால் வண்ணக் கறையாகத்தான் வரும். இன்னொரு பக்கம் அண்ணன் மகள் கபடி ஆடுகிறாள். ஆட்டமெல்லாம் பெரும்பாலும் ராத்திரி, கம்பத்தில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில். “சித்தப்பா, ஒரு ரெய்டாவது ஒழுங்கா எடுத்துக் குடுங்க” என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கையில் இருந்தது 40,000. ஒரு மாதம் உட்கார்ந்து படித்துவிட்டு, பழைய நிக்கான் டி7200 போதும் என்று முடிவு செய்தேன். 2015இல் வந்த கேமரா, 24 மெகாபிக்சல், நொடிக்கு 6 படம். உள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் பழைய, விலை குறைந்த டி வகை லென்ஸ்களும் தானாக ஃபோகஸ் ஆகும். தொட்டிக்கு 35 எம்எம் எஃப் 1.8, பிறகு காசு சேர்ந்ததும் கபடிக்கு 85 எம்எம் எஃப் 1.8. (எம்எம் கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்; எஃப் எண் குறைந்தால் லென்ஸின் வாய் பெரிது, வெளிச்சம் அதிகம்.) இதுதான் திட்டம். இன்றைக்கும் இந்தத் திட்டத்தில் தப்பில்லை என்றுதான் சொல்வேன். தப்பு கடையில் நடந்தது.

சென்னையில் பழைய கேமரா விற்கும் கடை ஒன்று. பெயர் வேண்டாம். கடைக்காரர் அலமாரியிலிருந்து எடுத்து வைத்தபடியே, “டாக்டர் வெச்சிருந்த பீஸ் சார். சிங்கிள் ஓனர். வீட்ல குழந்தைங்கள எடுத்ததோட சரி” என்றார். எத்தனை கிளிக் ஆகியிருக்கும் என்று கேட்டேன். ஒரு படத்தை எடுத்துத் திரையில் காட்டினார். கோப்பின் பெயர் டிஎஸ்சி 3214. “பாருங்க, மூவாயிரத்துச் சொச்சம்தான்.”

நானும் தலையாட்டினேன். இதுதான் என் முதல் முட்டாள்தனம். கோப்பு எண் 9999ஐத் தொட்டதும் மறுபடி 0001இலிருந்து தொடங்கும். மெனுவில் போய் எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஒன்றுக்குக் கொண்டுவரவும் முடியும். அதற்கும் ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை, எத்தனை முறை அடித்தது என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்றையும் பார்த்தேன், பார்த்தும் விட்டுவிட்டேன். தலையில் ஃப்ளாஷ் மாட்டும் தகடு இருக்கிறதே, அதில் கறுப்புப் பூச்சு முழுக்கத் தேய்ந்து பித்தளை மாதிரிப் பளபளத்தது. குழந்தைகளை வீட்டில் எடுத்த டாக்டர், எதற்கு ஆயிரக்கணக்கான தடவை வெளி ஃப்ளாஷை மாட்டிக் கழற்றினார்? அந்தக் கேள்வி வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

லென்ஸ் கதை தனி. 35 எம்எம் கையிருப்பில் இல்லையாம். “ஸ்போர்ட்ஸ்னா ஜூம்தான் சார் வேணும்” என்று 70-300 எஃப் 4.5-6.3 லென்ஸ் ஒன்றைத் தலையில் கட்டினார். பகலில், மைதானத்தில், அது நல்ல லென்ஸ்தான். ஆனால் 300 எம்எம்மில் அதன் வாய் எஃப் 6.3. எஃப் 1.8 லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சத்தில் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்கு. ராத்திரி விளக்கில் அது பாதிக் குருடு. அதோடு பெண்கள் கபடிக் களமே 12க்கு 8 மீட்டர்தான். ஓரத்தில் உட்கார்ந்தால் 300 எம்எம்மில் மூக்கும் காதும்தான் வரும்.

தொட்டிக்கோ அது இன்னும் மோசம். மீன் எடுக்கும்போது லென்ஸின் வாயைக் கண்ணாடியோடு நேராக ஒட்டிவைக்க வேண்டும், ரப்பர் ஹூட் இருந்தால் இன்னும் நல்லது. அப்போதுதான் அறை வெளிச்சமும் நம் சட்டையும் கண்ணாடியில் தெரியாது. சாய்த்துப் பிடித்தால் தண்ணீரும் கண்ணாடியும் மீனை இழுத்துக் கலங்கலாக்கிவிடும். அந்த 70-300 லென்ஸுக்கோ குறைந்தது 1.1 மீட்டர் தூரம் வேண்டும். பின்னால் தள்ளி நின்று எடுத்தால் மீனோடு நானும் படத்தில் வருகிறேன்.

சரி, லென்ஸ் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். கேமரா உடம்புக்கு 28,000, லென்ஸுக்கு 9,000, யூபிஐயில் கட்டினேன். ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டு ஒன்று கொடுத்தார். பில் கேட்டதற்கு, “பில்லுன்னா 18 பர்சென்ட் ஏறும் சார்.” ஒரு வாரம் செக்கிங் வாரண்டி என்றார், வாயால்.

ஐந்தாம் நாள். அறை விளக்கை அணைத்துவிட்டு, தொட்டி விளக்கில் மட்டும் ஃபைட்டரை 1/640 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தேன். நாலைந்து படங்களில் மேல் ஓரம் கறுத்து ஒரு பட்டை. போன் போட்டேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை: “அது எல்இடி லைட் பிரச்சினை சார். தொட்டி லைட்டெல்லாம் அப்படித்தான் வெட்டும்.”

இங்கேதான் நான் படித்ததே எனக்கு வினையாயிற்று. மின்விளக்குகள் துடிக்கும் என்பது எனக்குத் தெரியும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். வெளிச்சத்தைக் குறைத்துவைக்கும் மலிவான எல்இடிகள் அணைந்து அணைந்து எரியும். வேகமான ஷட்டரில் அது பட்டையாக விழும். எல்லாம் உண்மை. அவர் சொன்னது அப்படியே பொருந்தியது. “ஆமாங்க, இருக்கும்” என்று நானே அவருக்கு எடுத்துக்கொடுத்தேன். ஏமாற்றுகிறவருக்குப் பாடமும் நடத்திய ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பதினோராம் நாள் கபடி. ஷட்டர் 1/1000, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 12800. அண்ணன் மகள் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது மூன்று பேர் காலைப் பிடிக்கிறார்கள், இவள் நடுக்கோட்டுக்குக் கையை நீட்டுகிறாள். படத்தில் அந்தக் கை இல்லை. மேல் கால்வாசி கறுப்பு. அப்போதும் கம்பத்து விளக்கைத்தான் திட்டினேன். பத்தொன்பதாம் நாள் தொட்டி முன்னால் கேமராவைத் தூக்கினேன், ‘எர்’ என்று மின்னியது, அப்புறம் ஷட்டர் திறக்கவே இல்லை.

கல்யாண போட்டோ எடுக்கும் மச்சானிடம் கொண்டுபோனேன். அவன் கேமராவைத் தொடக்கூட இல்லை, மெமரி கார்டைக் கேட்டான். கணினியில் எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரலில் என் படம் ஒன்றை இழுத்துப் போட்டான். இந்த வகை நிக்கான் கேமராக்கள் ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஷட்டர் எண்ணிக்கையை எழுதிவைக்கின்றன. 1,87,000க்கு மேல். டி7200இன் ஷட்டரை நிக்கான் சோதித்திருப்பதே 1,50,000 முறைக்குத்தான். “மாமா, இது டாக்டர் கேமரா இல்ல. என்னை மாதிரி ஒருத்தன் நாலு முகூர்த்த சீசன் அடிச்சுத் துவைச்சது” என்றான். பட்டையைப் பற்றியும் அவன்தான் சொன்னான். விளக்குத் துடிப்பால் வரும் பட்டை படத்துக்குப் படம் இடம் மாறும், கலரும் மாறும். எல்லாப் படத்திலும் ஒரே ஓரத்தில் கறுப்பாக உட்கார்ந்திருந்தால் ஷட்டர் திரை இழுக்கவில்லை என்று அர்த்தம்.

இதைக் கடையிலேயே இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். கேமராவை வாசலுக்கு, வெயிலுக்கு எடுத்துப் போங்கள். சூரியன் துடிக்காது. வெள்ளைச் சுவரையோ வானத்தையோ 1/1000, 1/4000, 1/8000 என்று தொடர்ச்சியாகப் பத்துப் பத்துப் படம் எடுங்கள். தேய்ந்த ஷட்டர் முதலில் பல்லிளிப்பது அதிக வேகத்தில்தான். கடைக்குள் டியூப்லைட்டில் 1/60இல் எடுத்தால் எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான். அந்தப் படங்களை உங்கள் சொந்தக் கார்டில் கொண்டுவந்து எண்ணிக்கையைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சாம்பிள் அனுப்புகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வாட்ஸ்அப் அந்த விவரங்களை உரித்துவிடும். கேனான் கேமராக்களில் பெரும்பாலும் எண்ணிக்கை படத்துக்குள் இருக்காது, கேமராவையே கணினியில் இணைத்துத்தான் பார்க்க வேண்டும். லென்ஸை வாங்குவதானால் செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள். நம் கடற்கரை ஊர்க் காற்றில் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி உள்ளே படர்ந்திருக்கும்.

கேமராவோடு கடைக்குப் போனேன். “ஒரு வாரம்னுதானே சார் சொன்னேன்? இப்ப இருபது நாள் ஆச்சு” என்றார். ஐந்தாம் நாளே போன் செய்தேனே என்றதற்கு, “லைட்டுன்னு நீங்களும்தானே ஒத்துக்கிட்டீங்க?” பதில் இல்லை எனக்கு.

வீட்டுக்கு வந்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் பதிந்தேன். 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் விற்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுப்பதற்கு பில்லில் கெடு எதுவும் எழுதவில்லையென்றால் 30 நாள் வரை எடுத்துக்கொள்ள வேண்டும், மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். அவர் சொன்ன ஒரு வாரம் எந்தத் தாளிலும் இல்லை. பில் கொடுக்காமல் விட்ட புத்திசாலித்தனம் அவர் காலையே வாரியது. யூபிஐ ரசீது, எஸ்டிமேட் சீட்டு, எண்ணிக்கை தெரியும் ஸ்கிரீன்ஷாட், மூன்றையும் அவருக்கே அனுப்பி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது என்று எழுதினேன். மூன்றாம் நாள் கூப்பிட்டார். ‘சர்வீஸ் சார்ஜ்’, ‘லென்ஸ் யூஸ் ஆயிடுச்சு’ என்று ஏதேதோ கழித்து 26,000 கொடுத்தார். ஆணையம் வரை போயிருந்தால் முழுசாகக் கிடைத்திருக்கலாம். எனக்குப் பொறுமை இல்லை, ஒத்துக்கொண்டேன்.

இப்போது கூட வேலை பார்ப்பவரிடமிருந்து வாங்கிய டி7100 வைத்திருக்கிறேன். 2013 மாடல், எண்ணிக்கை 11,000. அதோடு ஒரு பழைய 35 எம்எம். ஃபைட்டர் வால் விரித்த படம் கிடைத்துவிட்டது, 85 எம்எம்முக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் விற்பனைத் தளம் ஒன்றில் டி7200 விளம்பரம் பார்த்தேன். “பேங்க் மேனேஜர் யூஸ், சிங்கிள் ஓனர், லோ கிளிக்.” படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃப்ளாஷ் மாட்டும் தகட்டில் அதே தேய்மானம்.