மாலகா சுத்திப் பாக்க கார் வேணுமா? டிரெயின், பஸ், மெட்ரோ, நடை, டாக்ஸி எல்லாத்தையும் பக்கத்துல வச்சு ஒரு அலசல்

ஸ்பெயின் தெக்குக் கடற்கரைக்கு ஃபேமிலியா போறோம்னு முடிவானா நம்ம ஆளுங்க முதல்ல ஃப்ளைட் போடுவாங்க, அடுத்த நிமிஷமே ஏர்போர்ட்ல இறங்கினதும் எடுத்துக்கற மாதிரி ஒரு வாரத்துக்கு வாடகைக் காரும் போட்டுருவாங்க. மாலகாவுக்கு போறவங்க அந்த ரெண்டாவது வேலையை கொஞ்சம் நிறுத்தி வைங்கன்னு சொல்லத்தான் இதை எழுதறேன். ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மியா ஜனம் இருக்கற ஊரு, பாக்க வேண்டியதுல முக்கால்வாசி பழைய டவுனுக்குள்ளயே ஒண்ணுக்கொண்ணு நடக்கற தூரத்துல இருக்கு, ஏர்போர்ட்டுக்கு அடியிலேந்தே லோக்கல் டிரெயின் கிளம்புது. அப்படி ஒரு ஊர்ல காரை எடுத்து, தினமும் 20 யூரோவுக்கு மேல பார்க்கிங் கட்டி, அதை அங்கயே நிக்க வச்சுட்டு நடந்து சுத்தறதுல எனக்கு ஒரு அர்த்தமும் தெரியல. காருக்குன்னு உண்மையாவே வேலை இருக்கற இடங்கள் இருக்கு, அதை கடைசில சொல்றேன்.

முதல்ல ஏர்போர்ட்லேந்து ஊருக்குள்ள வர்றது. ஏர்போர்ட் ஊருக்கு தென்மேற்குல சுமார் 8 கிலோமீட்டர். மூணு வழி இருக்கு.

செர்கானியாஸ்னு சொல்ற லோக்கல் டிரெயின்ல சி1 லைன். டெர்மினல் 3-க்கு எதிர்லயே ஸ்டேஷன், 20 நிமிஷத்துக்கு ஒண்ணு, ஊருக்குள்ள கடைசி ஸ்டேஷன் வரைக்கும் 12 நிமிஷம்தான், டிக்கெட் 2 யூரோவுக்குள்ள. மெஷின்ல முதல் தடவை எடுக்கும்போது அந்த ரீசார்ஜ் கார்டுக்கு தனியா 50 சென்ட் சேரும், கார்டைத் தூக்கிப் போட்றாதீங்க, அதுலயே திரும்பத் திரும்ப ஏத்திக்கலாம். கவனிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், ஒரே ஸ்டேஷன்லேந்து ஒரு பக்கம் மாலகாவுக்கும் இன்னொரு பக்கம் ஃபுவென்ஹிரோலாவுக்கும் போகும், அதனால பிளாட்ஃபார்ம் போர்டுல 'மாலகா சென்ட்ரோ-அலமேடா'ன்னு இருக்கான்னு பாத்துட்டு ஏறுங்க. இன்னொரு விஷயம், பேர்ல சென்ட்ரோன்னு இருந்தாலும் அந்த ஸ்டேஷன் குவாதல்மெதினா ஆத்துக்கு மேற்குப் பக்கம் இருக்கு, அங்கேந்து பாலத்தைத் தாண்டி, பழைய டவுனோட முக்கிய கடைத்தெருவான லாரியோஸ் தெருவுக்கு ஒரு பத்து நிமிஷ நடை. சமதரைதான், சின்ன பெட்டின்னா இழுத்துட்டே போயிரலாம்.

ஏ-ன்னு போட்டிருக்கற ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் பஸ் 4 யூரோ. டிரெயினோட ரெண்டு மடங்கு விலை, ட்ராஃபிக்ல மாட்டினா நேரமும் கூட. ஆனா அது பஸ் ஸ்டாண்ட், அலமேடாங்கற பெரிய ரோடு, பசேயோ தெல் பார்க்கேங்கற பூங்கா ரோடு வரைக்கும் வருது, அதாவது டவுனோட கிழக்குப் பக்கம், துறைமுகத்துப் பக்கம், மலகேட்டா பீச் பக்கம் ரூம் போட்டவங்களுக்கு டிரெயினை விட இதுதான் வசதி, பெட்டியோட பாலம் தாண்டற வேலை கிடையாது.

டாக்ஸி சுமாரா 20-லேந்து 25 யூரோ, ராத்திரியும் லீவு நாளும் இன்னும் கூடும். நாலு பேர், நாலு பெரிய பெட்டின்னா தலைக்கு கணக்கு போட்டுப் பாருங்க, அவ்வளவு மோசமில்ல. விடிகாலை 6 மணி ஃப்ளைட்டுக்கு மட்டும் யோசிக்கவே வேண்டாம், டாக்ஸிதான், ஏன்னா அந்த நேரத்துக்கு ஏர்போர்ட் போய்ச் சேர முதல் டிரெயினும் உதவாது. ஊபர், கபிஃபை, போல்ட் எல்லாம் அங்க ஓடுது, விலையைப் பாத்துட்டு போடுங்க, கூட்ட நேரத்துல மீட்டர் டாக்ஸிதான் மலிவாவும் இருக்கும்.

என் ஓட்டு பகல்ல டிரெயின், கிழக்குப் பக்கம் தங்கறவங்களுக்கு பஸ், விடிகாலைக்கு டாக்ஸி.

ஊருக்குள்ள: நடை vs பஸ் vs மெட்ரோ

நடைதான் ஜெயிக்குது, அதுவும் பெரிய வித்தியாசத்துல. லாரியோஸ் தெரு, கதீட்ரல், பிக்காசோ மியூசியம், அவர் 1881-ல பொறந்த வீடு இருக்கற மெர்செத் சதுக்கம், ரோமன் தியேட்டர், அல்கசாபா கோட்டை, அத்தராசானாஸ் மார்க்கெட் எல்லாமே பதினைஞ்சு நிமிஷ நடைக்குள்ள. பழைய டவுன்ல நிறைய தெருவுக்குள்ள வண்டியே விட மாட்டாங்க. குழந்தையை ஸ்ட்ரோலர்ல தள்ளிட்டு நடுத்தெருவுல போகலாம், பின்னாடி ஹார்ன் அடிக்க ஆள் கிடையாது, அந்த நிம்மதியை அனுபவிச்சா காரை நினைச்சே பாக்க மாட்டீங்க. துறைமுகத்துல முயேல்யே ஊனோங்கற கடைவீதி, அந்த கலர் கலர் கண்ணாடிப் பெட்டி மாதிரி இருக்கற பாம்பிடு மியூசியம், அதைத் தாண்டி கலங்கரை விளக்கம், அப்படியே மலகேட்டா பீச், எல்லாமே அதே நடையோட தொடர்ச்சி.

மெட்ரோ 2014-ல ஓட ஆரம்பிச்சுது, ஆனா டவுனுக்குள்ள அத்தராசானாஸ் வரைக்கும் வந்தது 2023 மார்ச்லதான். உண்மையைச் சொன்னா சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு இதோட உபயோகம் கம்மி, ரெண்டு லைனும் மேற்குப் பக்கம் யூனிவர்சிட்டிக்கும் ஸ்டேடியத்துக்கும் ஜனங்க குடியிருக்கற ஏரியாவுக்கும் போறது. ஒரு இடத்துல மட்டும் தங்கம். மாட்ரிட்லேந்து ஆவே அதிவேக டிரெயின்ல மரியா சம்ப்ரானோ ஸ்டேஷன்ல வந்து இறங்கறீங்கன்னா, பக்கத்துலயே எல் பெர்செல் மெட்ரோ, அங்கேந்து ரெண்டே ஸ்டாப்ல மார்க்கெட் வாசலுக்கு வந்துரலாம். ஈஸ்டர் வாரத்துல வர்றவங்களும் மெட்ரோவை ஞாபகம் வச்சுக்கங்க. செமானா சாந்தா ஊர்வலம் அலமேடா வழியாத்தான் லாரியோஸ் தெருவுக்குப் போகும், சாயங்காலம் ஆனா அந்தப் பக்கம் ரோடு மூடிருவாங்க, பஸ் எல்லாம் எங்கெங்கயோ திருப்பி விடுவாங்க, டாக்ஸியும் கிட்ட வராது, அடியில ஓடற மெட்ரோவுக்கு அந்தத் தொல்லை இல்ல.

ஈஎம்டி டவுன் பஸ் நீல கலர்ல இருக்கும், ஒத்தை டிக்கெட் 1.40 யூரோ. பெரும்பாலான ரூட் அலமேடா பிரின்சிபால்லேந்து (முன்னாடி சொன்ன அதே அலமேடாதான்) கிளம்பும், அந்தப் பெரிய பெரிய ஆலமர நிழல்ல வரிசையா ஸ்டாப் இருக்கும், நம்பர் பாத்து சரியான கம்பத்துக்கிட்ட நிக்கணும், பஸ் வர்றப்ப கை காட்டணும், இல்லன்னா நிக்காமப் போக வாய்ப்பிருக்கு. ரெண்டு நாளைக்கு மேல இருக்கறவங்க பத்து ட்ரிப் கார்டை எஸ்டாங்கோன்னு போர்டு போட்ட சிகரெட் கடையில வாங்கிருங்க, ஒரே கார்டை குடும்பத்துல எல்லாருக்கும் தட்டலாம், ஒரு மணி நேரத்துக்குள்ள வேற பஸ் மாறினா தனிக் காசும் கிடையாது. காசா குடுக்கறதுன்னா சில்லறை வச்சுக்கங்க, 50 யூரோ நோட்டை நீட்டினா டிரைவர் வாங்க மாட்டார்.

பஸ் எங்க ஜெயிக்குதுன்னா ஹிப்ரால்ஃபாரோ கோட்டைக்கு. இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும், வயசான அப்பா அம்மாவை கூட்டிட்டு போறவங்க எல்லாரும் மாட்டிக்கற இடம் இது. கீழ அல்கசாபா, மேல சுமார் 130 மீட்டர் உயரத்துல ஹிப்ரால்ஃபாரோ, ரெண்டையும் சேத்து ஒரு டிக்கெட் விக்கறாங்க, ரெண்டுக்கும் நடுவுல மதில் சுவரும் தெரியுது, அதனால உள்ளுக்குள்ளயே ஏறிப் போயிரலாம்னு தோணும். முடியாது. அந்த மதில் வழியை திறந்து விடறதில்ல, அல்கசாபாவை விட்டு வெளில வந்து ரோட்டோர நடைபாதையில ஏறணும். கல்லு பதிச்ச பாதை, பல வருஷமா ஜனங்க நடந்து நடந்து வழவழன்னு ஆகியிருக்கு, செங்குத்தா திரும்பித் திரும்பிப் போகும், ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் உண்மையான கஷ்டம், சாதா செருப்போட போனா கம்பியைப் புடிச்சுக்கிட்டே இறங்கணும். நடுவுல ஒரு இடத்துல துறைமுகமும் காளைச் சண்டை வளையமும் அப்படியே காலடியில தெரியும், அந்த காட்சிக்காக ஏறறவங்க ஏறட்டும், முட்டி வலி இருக்கறவங்களுக்கு வேண்டாம். 35-ம் நம்பர் பஸ் பசேயோ தெல் பார்க்கேலேந்து நேரா கோட்டை வாசலுக்கே போகுது, அதே 1.40 யூரோ. டாப் திறந்த சிவப்பு சுற்றுலா பஸ்ஸும் அங்க போகுது, ஆனா அதுக்கு பல மடங்கு குடுக்கணும், அந்த ஒரு ஏத்தத்துக்காக அதை வாங்கறது வீண். அல்கசாபாவுக்கும் படி ஏற முடியாதவங்களுக்கு நகராட்சிக் கட்டிடத்துக்கு பின்னாடி கியேன் சொத்தேலோ தெருவுல லிஃப்ட் இருக்கு, இதை வாசல்ல எழுதி வச்சிருந்தாலும் பாதி பேர் கவனிக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல ரெண்டு கோட்டையும் இலவசம், அதுக்கேத்த கூட்டமும் இருக்கும்.

கிழக்கால பெத்ரெகாலேகோ, எல் பாலோன்னு பழைய மீனவர் குப்பம் ரெண்டு இருக்கு. பீச்சுலயே பழைய படகுல மணலைக் கொட்டி, விறகுத் தணல் போட்டு, மத்தி மீனை மூங்கில் குச்சியில வரிசையாக் குத்தி தீக்குப் பக்கத்துல சாய்ச்சு வச்சு சுடுவாங்க, எஸ்பெத்தோன்னு பேரு, மே-லேந்து ஆகஸ்ட் வரைக்கும் மத்தி நல்ல கொழுப்பா இருக்கற சீசன். மத்திப் பிரியர்களுக்கு நான் வேற ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. இங்க போக 11-ம் நம்பர் பஸ் இருக்கு, அலமேடாவுல ஏறினா நேரா கொண்டு விடும். என் யோசனை, போகும்போது கடலோரமா நடங்க, மலகேட்டாவுலேந்து பான்யோஸ் தெல் கார்மென் வழியா முக்கால் மணி நேரம், வயிறு நிறைஞ்சதும் பஸ்ல திரும்புங்க. ஜூலை, ஆகஸ்ட் மதியத்துல இந்த நடையை வச்சுக்காதீங்க, நிழலே கிடையாது.

சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்குது, கடலோரத்துக்கு நல்லாருக்கும், பழைய டவுனுக்குள்ள கூட்டத்துல இறங்கித் தள்ளணும், அவ்வளவுதான். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை நடைபாதையில ஓட்டினா ஸ்பெயின் முழுக்க ஃபைன்.

ஊருக்கு வெளில: இங்கதான் கிழக்கு மேற்கு வித்தியாசம்

மேற்கால போறதுன்னா அதே சி1 டிரெயின். டோர்ரெமோலினோஸ், பெனால்மாதெனா, ஃபுவென்ஹிரோலா வரைக்கும் போகும், முழு லைனும் சுமாரா முக்கால் மணி நேரம். டோர்ரெமோலினோஸ்ல ஸ்டேஷன் டவுன் நடுவுலயே இருக்கு, பீச்சுக்கு படியில இறங்கணும். பெனால்மாதெனா கேபிள் காருக்கு அர்ரோயோ தே லா மியெல் ஸ்டேஷன்ல இறங்கினா கொஞ்ச தூர நடைதான். 20 நிமிஷத்துக்கு ஒண்ணுங்கறது ஏன் குறையவே மாட்டேங்குதுன்னா, லைன்ல பல இடத்துல ஒத்தைத் தண்டவாளம், எதிர்ல வர்ற வண்டிக்கு காத்திருந்துதான் போகணும். கோடைல நிக்க இடம் இல்லாம வரும், அப்பவும் கடற்கரை ரோட்டுல பார்க்கிங் தேடறதை விட மேல்.

ஃபுவென்ஹிரோலாவோட டிரெயின் முடிஞ்சுது. மார்பெய்யா அவ்வளவு பேர் போன ஊரு, ஆனா ரயில் ஸ்டேஷனே கிடையாது. கிழக்கால நெர்ஹாவுக்கும் அதே கதைதான். அந்தப் பக்கம் ஓடிட்டிருந்த பழைய குறுகிய பாதை ரயிலை 1968-ல மூடிட்டாங்க, ரின்கோன் தே லா விக்தோரியா பக்கம் அதோட சுரங்கப்பாதைல இப்ப ஜனங்க வாக்கிங் போறாங்க. ஆக இந்த ரெண்டு பக்கத்துக்கும் போட்டி பஸ்ஸுக்கும் காருக்கும்தான். மார்பெய்யாவுக்கு பஸ் எடுத்தா ஹைவே வழியா நேரா போறதான்னு கேட்டு ஏறுங்க, ஊர் ஊரா நின்னு போறதுல மாட்டினா ரொம்ப நேரம் இழுக்கும். நெர்ஹாவுக்கு அல்சா கம்பெனி பஸ், சுமாரா ஒண்ணு ஒண்ணரை மணி நேரம், 1959-ல கண்டுபிடிச்ச அந்த குகையைப் பாத்துட்டு, அங்கேந்தே லோக்கல் பஸ்ல ஃப்ரிஹிலியானா வெள்ளைக் கிராமத்துக்கும் ஏறிட்டு வந்துரலாம், ஒரே நாள்ல முடியும். கிரனாதாவுக்கும் டிரெயினை விட பஸ்தான் எனக்குப் புடிக்கும், நிறைய வண்டி இருக்கு. பெரிய பஸ் ஸ்டாண்ட் மரியா சம்ப்ரானோ ஸ்டேஷனை ஒட்டியே இருக்கறதால மாத்தி ஏறறது சுலபம். மலைப் பாறையோரமா தொங்கற நடைபாதையான கமினீத்தோ தெல் ரேய் மட்டும் விதிவிலக்கு, அதுக்குப் பக்கத்து ஸ்டேஷன் எல் சோர்ரோவுக்கு டிரெயின் இருக்கு ஆனா நாளைக்கு சிலதுதான், டிரெயின் நேரத்தைப் பாத்துட்டு அதுக்கேத்த நுழைவு ஸ்லாட்டை புக் பண்ணுங்க, தலைகீழா பண்ணினா நாள் போயிரும்.

இப்ப கார். மலை மேல இருக்கற ரோந்தா ஊர் வரைக்கும்னா பஸ்ஸே போதும், ரெண்டு மணி நேரத்துல போயிரும். ஆனா ரோந்தாவைத் தாண்டி செத்தெனில், கிரசலேமா, சஹாரான்னு மலைக் கிராமங்களை ஒரே நாள்ல கோத்துப் பாக்கணும்னா பஸ்ஸால ஆகவே ஆகாது, இங்க கார் எல்லாத்தையும் தோக்கடிச்சிரும், நிறுத்தணும்னு தோணற இடமெல்லாம் நிறுத்தலாம், ஆலிவ் தோப்புக்கு நடுவுல அந்த ரோடே ஒரு சுகம். இந்திய லைசென்ஸ் வச்சிருக்கறவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கிருங்க, அங்க போனப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. வண்டி இடது பக்க ஸ்டியரிங், ஓட்டறது ரோட்டுக்கு வலது பக்கம், கேட்டு வாங்கலன்னா பெரும்பாலும் மேனுவல் கியர்தான் குடுப்பாங்க. டெபாசிட்டுக்கு ஓட்டறவர் பேர்லயே கிரெடிட் கார்டு கேப்பாங்க, டெபிட் கார்டை நம்பிப் போகாதீங்க. கடலோரமா போற ஏபி-7 டோல் ரோடு, கோடைலயும் ஈஸ்டர்லயும் ரேட்டு ஏத்திருவாங்க, பக்கத்துலயே ஏ-7 காசில்லாம இருக்கு, ஆனா அதுல கூட்டம். பழைய டவுன்ல சில தெரு அங்க குடியிருக்கறவங்க வண்டிக்கு மட்டும்தான், கேமரா வச்சிருக்காங்க, ஜிபிஎஸ் சொல்லுதுன்னு உள்ள விட்டா ஃபைன் பின்னாடியே வீடு வரைக்கும் வரும்.

அதனால அஞ்சாறு நாள் தங்கறவங்க கிராமத்துக்குன்னு ஒரு நாளோ ரெண்டு நாளோ தனியா ஒதுக்கி, அதுக்கு மட்டும் கார் எடுங்க. மரியா சம்ப்ரானோ ஸ்டேஷன்லயே வாடகைக் கார் கவுன்டர் இருக்கு, ஏர்போர்ட் வரைக்கும் போய் ஷட்டில் பஸ்ல காத்திருக்க வேண்டாம், காலைல எடுத்து ஊருக்குள்ள நுழையாமலே மலைப் பக்கம் கிளம்பிரலாம். கவுன்டர் சாத்தற நேரத்தை மட்டும் புக் பண்ணும்போதே பாத்துக்கங்க, ஏர்போர்ட் மாதிரி ராத்திரி வரைக்கும் ஆள் இருப்பாங்கன்னு சொல்ல முடியாது.